பற்பசை போட்டுத் தேய்த்த டாலர்

மேசைமேல் ஏழு பழைய அமெரிக்க வெள்ளி டாலர் காசுகளை வரிசையாக வைத்துவிட்டு அந்த அம்மையார் பெருமையோடு நிமிர்ந்தார். தாத்தா சேர்த்து வைத்தவை. முந்தைய இரவு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பற்பசை போட்டுத் தேய்த்தாராம். ஏழும் புது எவர்சில்வர் மூடிகள் போலப் பளபளத்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பென்சில்வேனியாவில் பழங்காசுகளை மதிப்பிடுவது என் தொழில். போலிக்காசு வாங்கி ஏமாந்தவர்களைவிட, நல்ல காசைத் துலக்கிக் கெடுத்தவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குத்துவிளக்கைப் புளியாலும் வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீறாலும் தேய்க்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். கறுத்த வெள்ளியைக் கண்டால் என் கையும் துறுதுறுக்கும்.

ஆனால் காசு கிண்ணமல்ல. அச்சு ஓங்கி அழுத்தும்போது வெள்ளி விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளாக நிற்கிறது. புழங்காத காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால், ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுற்றி வருவது அந்தக் கோடுகளால்தான். பற்பசையில் உள்ள துகள் அவற்றை அறுத்துவிடுகிறது. மிஞ்சுவது உயிரில்லாத மினுமினுப்பு; லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள். தரம் பார்க்கும் நிறுவனங்கள் 70 வரை போகும் அளவுகோலில் இத்தகைய காசுக்கு எண்ணே தருவதில்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆயிரம் டாலர் கொண்ட துணிப்பைகளில் பல்லாண்டுகள் கிடந்த காசுகள் சிலவற்றில், கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மயில்கழுத்து நிறம் ஏறியிருக்கும். சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதல் விலை தருகிறார்கள். அழுக்கு என்று அதையும் தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அம்மையாரின் ஏழில் ஆறு, 1921இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த மார்கன் டாலர்கள்; மார்கன் என்பவர் வடிவமைத்ததால் அந்தப் பெயர். அந்த ஆண்டு அங்கே 4 கோடிக்கு மேல் அடித்தார்கள்; பெரிய இழப்பில்லை. ஏழாவதைத் திருப்பினேன். மலர்வளையத்தின் கீழே இரண்டு சிறு ‘சி’ எழுத்துகள்: நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையின் அடையாளம். ஆண்டு 1889. அடித்ததே 3,50,000தான். அதிலும் எத்தனை தப்பின என்பது வேறு கணக்கு. 1918ஆம் ஆண்டு பிட்மன் சட்டத்தின்படி அரசு உருக்கிய வெள்ளி டாலர்கள் மட்டும் 27 கோடி. துலக்கியிருந்தும் அந்தக் காசு நல்ல விலைக்குப் போகும். துலக்காமல் இருந்தால் என்ன விலை என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு வாய் வரவில்லை.

போலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்கன் டாலர் 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி. நகைத் தராசும் காந்தமும் இருந்தால் மட்டமான போலிகள் அங்கேயே விழுந்துவிடும். எத்தன் வேலை வேறு வகை. 1893இல் சான் பிரான்சிஸ்கோ அடித்தது 1 லட்சம் மட்டுமே என்பதால், அதே ஆண்டின் பிலடெல்பியா காசில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டிவிடுகிறான். காசு அசல், எடை அசல், எழுத்து மட்டும் பொய். உண்மையான சான் பிரான்சிஸ்கோ காசில், தலைப்பட்டையில் உள்ள ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ‘டி’ எழுத்தின் மேல்பகுதியில் மெல்லிய சாய்கோடு ஒன்று தெரியும். நான் முதலில் அதைத்தான் தேடுவேன்.

பழைய பி.வி.சி. உறைகளில் காசு இருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பச்சைப் பிசுக்கு வெள்ளியை அரித்துவிடும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

அன்று மாலை அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். தாத்தாவின் இன்னொரு பெட்டி தம்பி வீட்டில் இருக்கிறதாம். தம்பி அதைத் துலக்கிவிட்டாரா என்றுதான் முதலில் கேட்டேன்.

“அவனா? சாப்பிட்ட தட்டையே கழுவமாட்டான்” என்றார்.