நாக்குக்குத் தெரியாமல் போகும் 35 கிராம்

330 மில்லி கோலா டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. தேக்கரண்டிக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்பது. இவ்வளவு சர்க்கரையை வெறும் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால், பலருக்குப் பாதியிலேயே திகட்டிவிடும். கோலா ஏன் திகட்டுவதில்லை?

ஒரு காரணம் குளிர்ச்சி. இனிப்பை உணரும் நாக்குச் செல்களில் டிஆர்பிஎம்5 என்ற புரதம் இருக்கிறது. செல்லுக்குள் மின்துகள்கள் நுழைய வழிவிடும் கதவு அது. சில்லென்று இருந்தால் அந்தக் கதவு சரியாகத் திறக்காது, மூளைக்குப் போகும் இனிப்புச் செய்தியும் மங்கிவிடும். போதாததற்கு பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பு, கார்பன் டை ஆக்சைடின் சுருக். கேஸ் போய் வெதுவெதுப்பாகிவிட்ட கோலாவை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், பாகு மாதிரி இனிக்கும். சர்க்கரை அதே அளவுதான்.

நாக்கைத் தாண்டினால் இரைப்பை. இதே 35 கிராம் பழமாக வந்தால் மூன்று ஆரஞ்சாவது சாப்பிட வேண்டும். மெல்ல நேரமாகும், நார்ச்சத்து வயிற்றை நிரப்பும். பானமோ இரைப்பையில் அதிக நேரம் நிற்பதில்லை. அதில் வந்த 140 கலோரிக்கு ஈடாக அடுத்த வேளைச் சாப்பாட்டை நாம் பெரும்பாலும் குறைத்துக்கொள்வதும் இல்லை. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இது கூடுதலாகச் சேருகிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது கல்லீரல்தான். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லாச் செல்களும் பயன்படுத்தும். அதைச் சிதைக்கும் பாதையில் ஒரு பிரேக்கும் உண்டு: செல்லில் ஆற்றல் போதுமான அளவு இருந்தால் அந்த இடத்தில் வேலை மெதுவாகிவிடும். ஃபிரக்டோஸ் இந்த பிரேக்கைத் தாண்டிய இடத்தில் பாதைக்குள் நுழைகிறது. கொஞ்சமாக வந்தால் சிறுகுடலே சமாளித்துவிடும். ஒரே மூச்சில் நிறைய வந்தால் மிச்சம் கல்லீரலுக்குப் போகும். ஆற்றல் தேவையோ இல்லையோ, கல்லீரல் அதைச் சிதைத்துக்கொண்டே போய் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றும். அந்தக் கொழுப்பு அங்கேயே தங்கலாம், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு வடிவில் இரத்தத்திலும் கலக்கலாம். இந்த வேலைக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மடமடவென்று செலவாவதால், அது சிதைந்து உண்டாகும் கழிவான யூரிக் அமிலமும் கூடுகிறது. இனிப்புப் பானம் அதிகம் குடிப்பவர்களிடம் கௌட் என்ற மூட்டுவலி கூடுதலாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

தினமும் ஒன்றிரண்டு முறை இனிப்புப் பானம் குடிப்பவர்களுக்கு, அரிதாகக் குடிப்பவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது.

பல்லைப் பொறுத்தவரை, சர்க்கரை இல்லாத டயட் கோலாவும் அமிலம்தான். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருந்தால் எனாமல் அந்த அமிலத்தில் அதிக நேரம் நனையும்.

சரி, எவ்வளவு வரை போகலாம்? சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றிலிருந்து வரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்னது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம். ஆம், நூறு சதவீதப் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

லேபிளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் 100 மில்லிக்குத்தான் அளவு போட்டிருப்பார்கள். 10.6 கிராம் என்றால் சின்னதாகத் தெரியும். கையில் இருப்பது அரை லிட்டர் பாட்டில் என்றால் அதை ஐந்தால் பெருக்க வேண்டும்: 53 கிராம்.