ஸ்கிரீனிங்: திரையா, சல்லடையா?

பிறந்த குழந்தைக்குச் செய்யும் ‘ஸ்கிரீனிங்’கைச் சில மொழிபெயர்ப்புகள் ‘திரையிடல்’ என்று எழுதிவிடுகின்றன. பச்சிளங்குழந்தைக்குப் படமா காட்டப்போகிறார்கள்?

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘ஸ்கிரீன்’ முதலில் அடுப்பின் வெக்கையை மறைக்கும் தட்டியைக் குறித்தது. பின்னர் தானியமும் நிலக்கரியும் சலிக்கும் சல்லடைக்கும் அதுவே பெயராயிற்று. மருத்துவத்துக்குப் பொருந்துவது இந்தச் சல்லடைதான். நோய்க்குறி தெரியாத எல்லோரையும் ஒருமுறை சலித்து, மேலும் ஆராய வேண்டியவர்களைப் பிரித்தெடுப்பதே ஸ்கிரீனிங். நோயை உறுதிசெய்வது அடுத்த வேலை.

கருவிலிருக்கும் குழந்தைக்கும் தொற்றக்கூடிய சைட்டோமெகலோவைரஸ் என்ற கிருமியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒன்று இந்தத் தொற்றோடு பிறக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே தெரியும்; ஆனால் தொற்றுள்ள ஐந்தில் ஒன்றுக்குக் காது கேளாமை போன்ற நீடித்த பாதிப்பு வரும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததால்தான் சலிக்க வேண்டியிருக்கிறது. அதையும் பிறந்த 21 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும். பிந்தினால், தொற்று கருவில் வந்ததா, பிறந்தபின் ஒட்டியதா என்று பிரிக்க முடியாது. உமிழ்நீரில் வைரஸ் தென்பட்டால் அது தாய்ப்பாலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் சிறுநீரில் மறுபடி பார்க்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவும் (2019) அமெரிக்காவின் மினசோட்டாவும் (2023) குதிகாலில் குத்தி எடுத்து உலர்த்திய இரத்தத் துளியிலேயே எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கின. இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தால் தொற்றுள்ள சில குழந்தைகள் சோதனையில் சிக்காமல் போய்விடும். சல்லடைக் கண் சற்றுப் பெரிது.

இந்தத் தொற்றுக்கு முன்னொட்டாக வரும் ‘கன்ஜெனிட்டல்’ லத்தீன் சொல். ‘கூடவே பிறந்த’ என்று பொருள். ‘உடன்பிறந்தே கொல்லும் வியாதி’ என்ற மூதுரை அடி நினைவுக்கு வருகிறது. ‘பரம்பரை’ என்று எழுதுவது பிழை. இது மரபணுவில் வருவதன்று, கருவில் தொற்றுவது. ‘பிறவித் தொற்று’ போதும்.

ஸ்கிரீனிங்குக்குத்தான் சொல் எளிதில் அமையவில்லை. ‘சலிப்பு’ என்றால் மனச்சோர்வு. அரிசி அரிப்பதை நினைத்து ‘அரிப்பு’ என்றால் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். ‘முன்னறி சோதனை’ கேட்க நன்றாக இருந்தாலும், முடிவு அன்றே தெரிந்துவிட்டது போன்ற எண்ணத்தைத் தருகிறது. என் தேர்வு ‘சல்லடைச் சோதனை’. சல்லடையில் நின்றதெல்லாம் கல் அல்ல என்பது அரிசி சலித்தவர்களுக்குத் தெரியும்.