லிஃப்ட் பண்ண வண்டி ஏன் இப்படித் தூக்கிப் போடுது? ஸ்பிரிங் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

சிங்கப்பூர்ல எங்க புளோக்கு கார் பார்க்ல இருந்து மெயின் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள நாலு ஹம்ப் இருக்கு. போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு சுசுகி ஜிம்னி ஜீப் வாங்கினேன், முன்னாடி வச்சிருந்தவர் வண்டிய ரெண்டு இன்ச் உயர்த்துற லிஃப்ட் கிட் போட்டு, முரட்டு டயரெல்லாம் மாட்டி வச்சிருந்தார், பார்க்க அவ்வளவு அம்சமா இருக்கும். வாங்கின வாரம் வெள்ளிக்கிழமை அம்மாவ ஏத்திக்கிட்டு சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம், மூணாவது ஹம்ப்லயே அம்மா ரெண்டு கையாலயும் மேல இருக்கிற கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏன்ப்பா, லாரியில போனாக்கூட இப்படித் தூக்கிப் போடாதுப்பா, இடுப்பு கழண்டுரும் போல இருக்கு"ன்னாங்க. அவங்களுக்கு முதுகுல ஏற்கனவே பிரச்சினை, அதனால எனக்கு அது சும்மா விடுற விஷயமா தோணல.

கேட்ட எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க, லிஃப்ட் பண்ண வண்டின்னா அப்படித்தான் இருக்கும், பழகிக்கோன்னு. அது சரியில்ல. உயரத்துக்கும் குலுக்கலுக்கும் நேரடி சம்பந்தம் ரொம்பக் கம்மி, அந்த உயரம் எந்த வழியில வந்துச்சுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

காக்கி புக்கிட்ல ஒரு வொர்க்‌ஷாப், அங்க மலேசியா ஜொகூர்ல இருந்து தினமும் வந்து போற ஒரு அண்ணன் வேலை செய்றார். வண்டிய சுத்திப் பார்த்துட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இதுல என்ன சாமான் ஏத்துவீங்க?" ஒண்ணும் இல்லண்ணே, நான், அம்மா, சில நாள் மார்க்கெட் பைன்னேன். "அப்ப இந்த ஸ்பிரிங் உங்களுக்கு இல்ல தம்பி, இது இரும்பு பம்பரு, வின்ச்சு, மேல டென்ட்டுன்னு போறவங்களுக்கு"ன்னு சொல்லிட்டு டார்ச் அடிச்சு ஸ்பிரிங் கம்பியக் காட்டினார். அந்தக் கேள்விக்குள்ள இருக்கிற அறிவியலத்தான் இங்க சொல்லப் போறேன்.

ஸ்பிரிங்குக்கு அடிப்படை ஒரே விதி. ராபர்ட் ஹூக் 1676ல அத எழுத்துகளைக் கலைச்சுப் போட்டு ஒரு புதிர் மாதிரி வெளியிட்டு, 1678ல விடைய சொன்னார்: நீளுறது எவ்வளவோ விசை அவ்வளவு. அமுக்குறதுக்கும் அதே கதைதான். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் வேணும்ங்கிறதுதான் ஸ்பிரிங் ரேட். விலையச் சொல்ற ரேட் இல்ல இது, குழம்பிக்காதீங்க.

இப்ப ஒரு கணக்கு, எண்கள் சுலபமா வர்றதுக்காக நானே எடுத்துக்கிட்டது, எந்த வண்டியோட கம்பெனி எண்ணும் கிடையாது. பின்னாடி ஒரு சக்கரத்து ஸ்பிரிங் மேல 200 கிலோ உட்கார்ந்திருக்குன்னு வைங்க, கிட்டத்தட்ட 2000 நியூட்டன். ஸ்பிரிங் ரேட் 20 நியூட்டன்னா 100 மி.மீ. அமுங்கும். அதே நீளத்துல 28 நியூட்டன் ஸ்பிரிங்கப் போடுங்க, 71 மி.மீ.தான் அமுங்கும், அதாவது வண்டி 29 மி.மீ. மேல நிக்கும். லிஃப்ட் வந்துருச்சு! ஆனா ஸ்பிரிங் நீளமானதால வரல, அமுங்க மாட்டேன்னு அடம்பிடிக்கிறதால வந்தது. அதே 20 நியூட்டன் ஸ்பிரிங்க 30 மி.மீ. நீளமா செஞ்சு போட்டாலும் அதே உயரம்தான் வரும், வெளியில நின்னு பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, உள்ள உட்காந்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஏன்னா ஸ்பிரிங் மேல இருக்கிற எடைக்கு ஒரு சொந்தத் தாளம் இருக்கு, ஊஞ்சல் மாதிரி. குத்துமதிப்பா கண்டுபிடிக்க ஒரு வழி: எடையால ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குதோ அதுக்கு வர்க்கமூலம் எடுத்து, 5ஐ அதால வகுங்க. 10 செ.மீ. அமுங்கினா 1.6 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு ஒன்றரைத் தடவைக்குக் கொஞ்சம் மேல. 7.1 செ.மீ.ன்னா 1.9 ஹெர்ட்ஸ். சொகுசு கார்கள் பொதுவா 1ல இருந்து 1.5 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும், ரொம்பக் குறைஞ்சு அரை ஹெர்ட்ஸுக்குக் கீழ போனா கப்பல்ல போற மாதிரி தலை சுத்தி வாந்தி வரும்.

1.6க்கும் 1.9க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், எனக்கும் தோணுச்சு. நம்ம உடம்பு மேலயும் கீழயும் ஆடுற ஆட்டத்துல 4ல இருந்து 8 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ரொம்ப அவதிப்படும், வயிறு, முதுகெலும்பு எல்லாம் சேர்ந்து அதிர்ற இடம் அது. ரோட்டுல இருந்து 5 ஹெர்ட்ஸ்ல ஒரு அதிர்வு வருதுன்னு வைங்க, ஷாக் அப்சார்பர ஒதுக்கி வச்சுட்டு ஸ்பிரிங்க மட்டும் பார்த்தா, 1.6 ஹெர்ட்ஸ் வண்டியில அதுல நூத்துக்கு 11 பங்குதான் சீட்டுக்கு வரும், 1.9 ஹெர்ட்ஸ் வண்டியில 16க்கு மேல வரும். அம்மாவோட இடுப்புக்குப் போற அதிர்வு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆயிடுச்சு.

அந்த 28 நியூட்டன் ஸ்பிரிங் மோசமான ஸ்பிரிங்கும் கிடையாது, இத சொல்லியே ஆகணும். பக்கத்துக்கு 80 கிலோ சாமான் கூடுதலா ஏத்துங்க, 200 இப்ப 280 ஆகுது, ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்குது, தாளம் திரும்ப அதே 1.6 ஹெர்ட்ஸ்! டென்ட்டு, தண்ணி, டூல் பாக்ஸ்னு நிரந்தரமா சுமக்கிற வண்டிக்கு அது கச்சிதமான ஸ்பிரிங். என்னோட வெறும் வண்டிக்கு இல்லாத ஒரு பாரத்துக்காக அது காத்துக்கிட்டு நின்னுச்சு, அந்தப் பாரம் ஒருநாளும் வரல. அந்த அண்ணன் என்ன சாமான் ஏத்துவீங்கன்னு கேட்டது இதுக்குத்தான்.

நான் வீட்டுக்கு வந்து பாத்ரூம் தராசுல எல்லாத்தையும் எடை போட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ ஜொகூர் கோத்தா திங்கி பக்கம் கேம்பிங் போறப்ப எடுத்துட்டுப் போற எல்லாமும் சேர்த்து 46 கிலோ. மலேசியாவுக்குப் போற காஸ்வே பாலத்தத் தாண்டணும்னா முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கணுமே, அது 40 லிட்டர் டேங்க்ல ஒரு 22 கிலோ, அதையும் கணக்குல சேர்த்தேன். எவ்வளவு கூட்டினாலும் ரெண்டு பக்கமும் சேர்த்து அந்த ஸ்பிரிங் கேட்கிற 160 கிலோவ நெருங்கவே இல்ல. மாத்தணும்னு நினைக்கிற எல்லாரும் முதல்ல இத செய்ங்க. நம்ம மனசுல இருக்கிற வண்டிக்கு ஸ்பிரிங் வாங்குறோம், ஓட்டுற வண்டிக்கு வாங்குறதில்ல.

டார்ச் அடிச்சு அவர் காட்டினது கம்பியோட தடிமன். ஸ்பிரிங்கோட விறைப்பு கம்பி விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும், அதாவது அந்த எண்ண நாலு தடவ எழுதிப் பெருக்குற மாதிரி. 12 மி.மீ. கம்பிக்குப் பதிலா 13 மி.மீ. போட்டா, மத்ததெல்லாம் அப்படியே இருந்தாலும், 38 சதவீதம் விறைப்பு கூடும். ஒரே ஒரு மில்லிமீட்டர்ல 20 இருந்தது கிட்டத்தட்ட 28க்கு வந்து நிக்கும். சுருளோட அகலம் கூடினா இளகும், சுத்து எண்ணிக்கை கூடினாலும் இளகும். இதத் தெரிஞ்சுக்கிட்டா ப்ரோக்ரெஸிவ் ஸ்பிரிங்கும் புரிஞ்சுரும்: ஒரு பக்கம் சுத்துகள் நெருக்கமா இருக்கும், பாரம் ஏற ஏற அந்த நெருக்கமான சுத்துகள் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கும், வேலை செய்ற சுத்து குறையும், ஸ்பிரிங் தானாவே விறைக்கும். வெறும் வண்டிக்கு மெதுவா, பாரத்துக்கு முரடா. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா விறைப்பு மாறிக்கிட்டே இருக்கிறதால அதுக்குத் தோதா ஷாக் அப்சார்பர் செட் பண்றது கஷ்டம், என் தேர்வு நேரான ரேட்தான்.

ஜிம்னி மாதிரி முழு ஆக்ஸில் வண்டியில, அதாவது ரெண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிற வண்டியில, ஸ்பிரிங் நேரா ஆக்ஸில் மேலயே உட்காருது, அதனால ஸ்பிரிங் ரேட்டும் சக்கரம் உணர்ற ரேட்டும் ஏறத்தாழ ஒண்ணுதான். ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் முன்பக்கம் மாதிரி ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி இரும்புக் கை பிடிச்சிருக்கிற சஸ்பென்ஷன்ல அப்படி இல்ல, சக்கரம் 2 மி.மீ. ஏறுறப்ப ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்கினா சக்கரத்துக்கு வர்ற விறைப்பு கால்வாசிதான், ஒரு வண்டியோட எண்ண இன்னொரு வண்டியோட ஒப்பிட்டுறாதீங்க.

சரி, ஸ்பிரிங் மாத்தினேன். ரேட் கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பக்கத்துல, நீளம் மட்டும் கூட. ஹம்ப் மேல ஏறுறப்ப நல்ல மாற்றம், ஆனா எக்ஸ்பிரஸ்வே பாலத்து இணைப்புகள்ல அதே பழைய டக் டக், அதான் எனக்கு ரொம்ப ஏமாற்றமா இருந்துச்சு. காரணம், மாத்தாம விட்ட பழைய ஷாக் அப்சார்பர். பேர்தான் ஷாக் அப்சார்பர், அதிர்ச்சிய வாங்குறது ஸ்பிரிங், ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்த எண்ணெய்ய சின்ன ஓட்டைகள் வழியா தள்ளி சூடாக்கி அடக்குறது இதோட வேலை. எவ்வளவு அடக்கணும்ங்கிறது ஸ்பிரிங் விறைப்பையும் எடையையும் பொறுத்தது. 28க்கு செட் பண்ணின ஷாக்க 20 மேல விட்டா அடக்குற அளவு சுமார் 18 சதவீதம் கூடிருது, மெதுவா வர்ற ஹம்ப்ல அது தெரியாது, பாலத்து இணைப்பு மாதிரி சடார்னு வர்றதுல எண்ணெய் ஓட்டை வழியா போக நேரமில்லாம ஷாக் ஒரு இரும்புத் தடி மாதிரி ஆயிடும். திரும்பி வர்ற பக்கம் இன்னும் இறுக்கமா இருந்தா, செம்மண் எஸ்டேட் ரோட்டுல வரிசையா வர்ற மேடுகள்ல ஒவ்வொரு தடவையும் முழுசா நீளாம வண்டி கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி பம்ப் ஸ்டாப்ங்கிற ரப்பர் கட்டையில முட்டும். அதனால ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஜோடியா வாங்குங்க, நான் ரெண்டு தடவ கூலி கொடுத்தேன்.

ஷாக்கோட நீளமும் முக்கியம். லிஃப்ட் ஸ்பிரிங்குக்கு கம்பெனி ஷாக்கையே விட்டா, வண்டி நிக்கிறப்பவே ஷாக் பாதிக்கு மேல நீண்டுருக்கும், ஹம்ப்ல இருந்து இறங்குறப்ப சக்கரம் கீழ தொங்க இடமில்லாம டங்னு ஒரு சத்தம். பல பேர் அத இணைப்புகள்ல இருக்கிற ரப்பர் புஷ் போச்சுன்னு நினைச்சு புஷ்ஷ மாத்திக்கிட்டு இருக்காங்க.

சின்ன வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை முன்னும் பின்னும் தலையாட்டுறது. ஜிம்னியோட முன் பின் சக்கர தூரம் 2.25 மீட்டர், 20 கி.மீ. வேகத்துல முன் சக்கரம் ஹம்ப்ல ஏறி 0.4 செகண்ட்ல பின் சக்கரம் ஏறிடும். மாரிஸ் ஒல்லி 1930கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்தப்ப கண்டுபிடிச்சது: பின்பக்கத் தாளம் முன்பக்கத்த விடக் கொஞ்சம் வேகமா இருந்தா, லேட்டா ஆட ஆரம்பிச்ச பின்பக்கம் முன்பக்கத்த எட்டிப் பிடிச்சுரும், வண்டி தலையாட்டாம மட்டமா மேல கீழ மட்டும் போகும். முன்னாடி மட்டும் முரட்டு ஸ்பிரிங் போட்டு, பின்னாடி பழசையே விடுறவங்க இந்த ஒழுங்கக் கலைச்சுர்றாங்க.

மாட்டுறப்ப நான் பக்கத்துல நின்னு பார்த்த ஒண்ணு. ஸ்பிரிங் உள்ள போனதும் ஆக்ஸில் கைகளோட போல்ட்ட அண்ணன் முழுசா இறுக்கல, விரல் இறுக்கத்துல விட்டுட்டு வண்டிய தரையில இறக்கி, நாலு தடவ அமுக்கி ஆட்டி, அதுக்கப்புறம் அடியில படுத்துதான் இறுக்கினார். ரப்பர் புஷ் உள்ள இருக்கிற இரும்புக் குழாயோட ஒட்டியிருக்கும், சக்கரம் தொங்குறப்ப இறுக்கினா ரப்பர் அந்த நிலையிலயே பூட்டிக்கும், தரையில நின்னதும் எப்பவும் முறுக்கிக்கிட்டே கிடக்கும், அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங் ஆகி வண்டிய விறைப்பாக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். அஞ்சு நிமிஷ வேலை, நிறைய பேர் செய்றதில்ல, கேட்டு வாங்குங்க. ஆனா ஸ்பிரிங்க நீங்களே கழட்டப் பார்க்காதீங்க, 28 நியூட்டன் ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கியிருந்தா உள்ள 140 ஜூல் இருக்கு, 14 கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்துல இருந்து கால்ல விழுற மாதிரி.

எல்டிஏ, அதாவது சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் விஷயத்துல, வண்டி மாற்றங்கள அனுமதி தேவையில்லாதது, அனுமதி வேணும்ங்கிறது, கூடவே கூடாதுங்கிறதுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி உங்க கிட் எதுல வருதுன்னு பார்த்துருங்க. 3 வருஷம் தாண்டின கார் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ இன்ஸ்பெக்‌ஷன் போகணும், 10 தாண்டினா வருஷா வருஷம்.

மாத்தினதுக்கு அப்புறம் அளந்து பார்க்கணும்னா போன்லயே முடியும். ஜெர்மனி ஆகன் பல்கலைக்கழகம் விடுற ஃபைஃபாக்ஸ்ங்கிற அதிர்வ அளக்குற ஆப் இலவசம், மொபைல சீட் மேல வச்சு அதே ஹம்ப அதே வேகத்துல முன்னாடி ஒரு தடவ, மாத்தின பின்னாடி ஒரு தடவ பதிவு பண்ணுங்க. டயர் காத்த கதவு ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுக்கு வச்சுட்டு செய்ங்க, டயரும் ஒரு ஸ்பிரிங்தான், எனக்கு வித்தவர் 36 பிஎஸ்ஐ காத்து அடிச்சு விறைப்பா வச்சிருந்தார்.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டர்ல சில மி.மீ. படியும், அதனால மாட்டின அன்னிக்கே சக்கர நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் டேப் வச்சு எழுதி வைங்க. என்னோடது 500 கி.மீ. கழிச்சு டிரைவர் பக்கம் 6 மி.மீ. தாழ்ந்து நின்னுச்சு. சில கம்பெனி ஸ்பிரிங் ஜோடியில ஒண்ணு கொஞ்சம் நீளம், டிரைவர் எடைக்காக அந்தப் பக்கம் போடணும், என் ஜோடிக்கு இடது பக்கம் ஸ்டியரிங் இருக்கிற நாட்டுப் படத்தப் பார்த்து மாட்டியிருக்கு. அண்ணன் பார்த்துட்டு ரெண்டையும் இடம் மாத்திப் போட்டார், ஹெட்லைட்டையும் கையோட இறக்கி விட்டார், இப்ப ரெண்டு பக்கமும் 1 மி.மீ. வித்தியாசம்தான்.