கிரீன் எச்ஆர்எம்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிரீன் எச்ஆர்எம் (Green Human Resource Management) என்றதும் 'ஆபீஸ் வாசலில் மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பார்களே, அதுதானே' என்கிறார்கள். அது இல்லை. ஆள் எடுப்பது, பயிற்சி, வருடாந்திர மதிப்பீடு, போனஸ் என்று மனிதவளத் துறை எப்போதும் செய்கிற வேலைகளையே, ஊழியர்கள் மின்சாரமோ தண்ணீரோ காகிதமோ வீணாக்காமல் வேலை பார்க்கும்படி மாற்றி அமைப்பதுதான் அது. உதாரணத்துக்கு, இன்டெல் 2008இலேயே ஊழியர்களின் போனஸில் ஒரு பகுதியைச் சுற்றுச்சூழல் இலக்குகளோடு முடிச்சுப் போட்டுவிட்டது. மரக்கன்றை யார் திரும்பிப் பார்ப்பார்கள், போனஸை எல்லோரும் பார்ப்பார்கள்.

மனிதவளத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பேசும் கட்டுரைகளை வால்டர் வேர்மேயர் 1996இல் ஒரு நூலாகத் தொகுத்தார். 2013இல் ரென்விக், ரெட்மன், மகுவாயர் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு கிரீன் எச்ஆர்எம் என்ற பெயர் நன்றாக ஊன்றிவிட்டது. அடுத்த வருடமே இலங்கையிலிருந்து ஒபாத, அருள்ராஜா இருவரும் இதை எளிமையாக விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள், இன்றைக்கும் மாணவர்கள் மேற்கோள் காட்டுவது அதைத்தான்.

ஊழியர்கள் இப்படி நடந்துகொள்ள என்ன வேண்டும் என்று கேட்டால், ஆய்வாளர்கள் திறன், ஊக்கம், வாய்ப்பு என்று மூன்றைச் சொல்வார்கள். முதல் இரண்டையும் பயிற்சியாலும் பணத்தாலும் சரிக்கட்டிவிடலாம், எல்லோரும் கோட்டை விடுவது மூன்றாவதில். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் 'ஏசியை அணைத்துவிட்டுச் செல்லவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், ஆனால் ஏசி ரிமோட் செக்யூரிட்டி மேசை டிராயரில் பூட்டிக் கிடக்கும். அமெரிக்காவின் 3எம் நிறுவனமோ 1975இலேயே, மாசு உண்டாகும் இடத்திலேயே அதைத் தடுக்க யோசனை சொல்லுங்கள் என்று ஊழியர்களிடமே கேட்டது. வாய்ப்பு என்பது அதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். எச்ஆர்எம் என்பதற்குத் தமிழ்நாட்டில் மனிதவள மேலாண்மை, இலங்கையில் மனிதவள முகாமைத்துவம். இரண்டுமே ஊன்றிய சொற்கள், கை வைக்க வேண்டாம். (மேனேஜ் என்ற சொல், குதிரையைப் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் மூலம் கை என்று பொருள்படும் லத்தீன் மனுஸ். நம் 'கையாளுதல்' அதே கையை வைத்துத் தானாகவே உருவானது!)

சிக்கல் கிரீனில்தான். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'பசுமை மனிதவள மேலாண்மை' என்று எழுதுகிறார்கள். பசுமைக்குத் தமிழில் நிறமும் உண்டு, செழிப்பும் உண்டு, வாடாத தன்மையும் உண்டு, 'பசுமையான நினைவு' என்கிறோமே. போதாக்குறைக்கு யூரியாவும் பூச்சிமருந்தும் கொண்டுவந்ததற்குப் பெயர் பசுமைப் புரட்சி, கூரையில் சோலார் வைத்த அரசுத் திட்டத்துக்குப் பெயர் பசுமை வீடு. இத்தனை சுமக்கிற சொல்லோடு மனிதவளத்தையும் கட்டினால் படிப்பவர் மறுபடியும் மரக்கன்றுக்குத்தான் போவார்.

'சூழல்சார்' என்று சிலர் போடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் சூழலைச் சார்ந்து என்ன செய்கிறோம் என்பதை அது சொல்வதில்லை. எனக்குப் பிடித்தது 'சூழல் பேணும் மனிதவள மேலாண்மை'. நீளம்தான், ஆனால் பேணும் என்ற வினை உள்ளே இருக்கிறது. ஊழியரிடம் எதிர்பார்க்கும் நடத்தைக்கும் இதே சொல் அப்படியே பொருந்தும்: 'சூழல் பேணும் நடத்தை'. அங்கே 'பசுமை நடத்தை' என்று போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இலங்கையில் எழுதுபவர்கள் மேலாண்மையை எடுத்துவிட்டு முகாமைத்துவத்தைப் போட்டுக்கொள்ளலாம்.