கொரியனும் மராத்தியும்: வினை கடைசியில் வந்தால் என்ன நடக்கும்?

மராத்தி ஓர் இந்தோ-ஆரிய மொழி. அந்த வகையில் ஆங்கிலம், ருஷ்யன், பாரசீகம் எல்லாமே அதற்குத் தூரத்துச் சொந்தம். கொரியனுக்கோ, ஜேஜு தீவில் பேசப்படும் மொழியைத் தவிர, இது என் சொந்தம் என்று நிரூபித்துக் காட்ட ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, புனேக்காரர் 'கரூன் பாஹா' என்கிறார், சியோல்காரர் 'ஹே ப்வா' என்கிறார், இரண்டையும் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'செய்து பார்' என்றே வருகிறது. கண்ணால் பார்க்க அங்கே எதுவும் இல்லை, முயன்று பார் என்பதுதான் பொருள்.

ஏதோ ஒன்று தற்செயலாகப் பொருந்திவிட்டது என்று விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் வரிசையாக வருகிறது. பின்னால் உதவும் என்று ஒரு வேலையை முன்கூட்டியே முடிப்பதற்கு நாம் 'செய்து வை' என்போம். மராத்தியில் 'கரூன் டேவ்', கொரியனில் 'ஹே துதா', இரண்டிலும் அதே 'வை'தான். பிறருக்காகச் செய்தால் எழுதிக் கொடு: மராத்தியில் 'லிஹூன் தே', கொரியனில் 'ஸ்ஸொ ஜுதா'. மிச்சமில்லாமல் தின்று தீர்த்தால் மராத்தியில் 'காவூன் டாக்', கொரியனில் 'மொகொ பொரிதா'. இங்கே நாம்தான் கொஞ்சம் விலகி நிற்கிறோம்; நாம் 'தின்றுவிடு' என்று விடுகிற இடத்தில் அவர்கள் இருவரும் தின்று 'எறிகிறார்கள்'.

இது எப்படி உருவாகிறது? இந்த மூன்று மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். அடுத்தடுத்து இரண்டு வேலையைச் சொல்ல வேண்டுமானால் முதல் வினை எச்சமாக உறைந்துவிடும் (செய்து, கரூன், ஹே), காலம், மரியாதை, (இருந்தால்) நான்/நீ/அவன் விகுதி என்று எல்லாச் சுமையும் கடைசி வினையின் தலையில் ஏறும். 'பார்', 'வை', 'கொடு' மாதிரி ஓயாமல் புழங்குகிற வினைகள் அந்தக் கடைசி இடத்தில் நூற்றாண்டுக்கணக்கில் நின்று நின்று தங்கள் சொந்தப் பொருளைத் தேய்த்துக்கொண்டு, முன்னால் இருக்கும் வினைக்குச் சாயம் பூசும் துணைவினைகளாகிவிடுகின்றன. தேய்ந்ததற்கு ஆதாரம் வேண்டுமா? 'கேட்டுப் பார்' என்கிறோம். காதால் கேட்பதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? கொரியரும் 'துரொ போதா' என்று அதையேதான் சொல்கிறார்.

ஆனால் வினை கடைசியில் வந்தால் மட்டும் இதெல்லாம் தானாக நடந்துவிடாது. பாரசீகத்திலும் வினை கடைசியில்தான், இருந்தும் அது பெயருக்கு முன்னால் ஒட்டும் சொற்களையே பிடித்துக்கொண்டிருக்கிறது (நம் 'வீட்டில்' அங்கே 'இல் வீடு' மாதிரி வரும்). சிகாகோ பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் காலின் மசிகா, இந்தியாவுக்கே உரியவை என்று நினைத்த சில இலக்கணக் கூறுகளை (எச்ச வினை, துணைவினை, 'எனக்குத் தெரியும்' வகை வாக்கியம் இப்படி) வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். 1976இல் வெளியான அந்த ஆய்வில் அவை இமயமலையோடு நிற்கவில்லை; பல கூறுகள் மத்திய ஆசியா வழியாக கொரியா, ஜப்பான் வரை போயின. நடுவில் கிடக்கும் சீனமோ வேறு பாதை.

மராத்தியைப் பொறுத்தவரை ஒரு காரணம் பக்கத்திலேயே இருக்கிறது: கன்னடமும் தெலுங்கும். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்துக் குப்வார் கிராமத்தில் கன்னடம், மராத்தி, உருது, கொஞ்சம் தெலுங்கு எல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒன்றாகப் புழங்கின. மொழியியலாளர்கள் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே சொற்கள் தனித்தனியாகவே இருக்க, வாக்கிய அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது, ஒரு மொழியின் வாக்கியத்தில் சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால் அடுத்த மொழி! நாம்/நாங்கள் வேறுபாடு இந்தியில் இல்லை, மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹீ' என்று இருக்கிறது. இதையும் திராவிட மொழிகளின் பழக்கதோஷம் என்றே பலரும் கருதுகிறார்கள்.

இந்த இடத்தில் யாராவது 'அம்மா, அப்பா கொரியனிலும் இருக்கே' என்பார்கள். சரி, இருக்கிறது. கொரியாவில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் 1905லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஆனால் இலக்கணச் சாயலை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு மராத்தியே சாட்சி, அம்மா அப்பாவோ குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள், உலகம் முழுக்க அப்படித்தான். ஒழுங்கான ஒலி மாற்ற விதிகள் கிடைக்காதவரை மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கப் போவதில்லை, எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

மராத்தியின் பழைய குடும்பம் எங்கே தெரிகிறது என்றால், 'நான் படித்த புத்தகம்' என்பதில். கொரியனில் ஒரே வழி, நம் 'படித்த புத்தகம்' போலவே: 'நேகா இல்குன் சேக்'. மராத்தியில் இரண்டு வழி. 'மீ வாச்லேல புஸ்தக்' நம் பாணி; 'ஜே புஸ்தக் மீ வாச்ல, தே' (எந்தப் புத்தகத்தை நான் படித்தேனோ, அது) சம்ஸ்கிருத வழி வந்தது. அப்புறம் பால். பையன் வந்தால் 'ஆலா', பெண் வந்தால் 'ஆலீ', குழந்தை வந்தால் 'ஆல'. இறந்த காலத்தில் செயப்படுபொருள் வேறு உள்ளே நுழைந்து ஆட்டம் காட்டும்: பெண் மாம்பழம் தின்றால் 'முலீனே ஆம்பா கால்லா', சப்பாத்தி (மராத்தியில் 'போளீ') தின்றால் 'முலீனே போளீ கால்லீ'. தின்றவள் ஒருத்திதான், மாம்பழம் ஆண்பால், போளி பெண்பால் என்பதால் வினை மாறுகிறது. மராத்தி கற்கும் தமிழர் தடுமாறும் இடம் இது. கொரியர் இன்னும் மோசமாகத் தடுமாறுவார், அவர் மொழியில் பாலும் இல்லை, நான்/நீ/அவன் விகுதியும் இல்லை.

கொரியன் அந்த இடத்தில் மரியாதையை வைத்திருக்கிறது, அதுவும் இரண்டு அடுக்காக. தம்பி வந்தால் 'வாஸ்ஸொ'. பாட்டி வந்தால் நடுவில் 'ஷி' சேர்ந்து 'ஓஷொஸ்ஸொ' ஆகும். இது யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கான மரியாதை. யாரிடம் பேசுகிறோமோ அவருக்குத் தனியாக இன்னொன்று: நண்பனிடம் 'வாஸ்ஸொ', கொஞ்சம் பணிவாக 'வாஸ்ஸொயோ', செய்தி வாசிப்பவர் மாதிரி என்றால் 'வாஸ்ஸும்னிதா'. மராத்தியில் 'தூ', 'தும்ஹீ', 'ஆபண்' என்று முன்னிலைச் சொற்கள் உண்டு (முன்னால் 'நாம்' என்று வந்த அதே 'ஆபண்' இங்கே மிகுந்த மரியாதையான 'தாங்கள்'), ஆனால் தம்பி வந்த கதையைச் சொல்லும்போது கேட்பவருக்காக வினையை மாற்ற வழியில்லை. நமக்கு உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் 'தம்பி வந்துட்டானுங்க' என்பார்களே, அந்த 'ங்க' தம்பிக்கானதில்லை, கேட்டுக்கொண்டிருப்பவருக்கானது. கொரியனின் 'யோ' செய்யும் வேலையும் அதேதான், ஒட்டிக்கொள்ளும் இடமும் அதே வினையின் வால்தான்.