ரெசிடென்சி: குடியுரிமையா, வதிவுரிமையா?

ஓய்வுபெற்ற என் பெரியப்பா ஒருநாள் ஏஜென்ட் ஒருவர் கொடுத்த வழவழப்பான காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘ஐரோப்பாவில் நிரந்தரக் குடியுரிமை’. பின்பக்கம் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில், முதல் அனுமதி இரண்டு வருடம், பிறகு விதிப்படி புதுப்பிக்க வேண்டும். “அப்போ அங்கே ஓட்டுப் போடலாம்ல?” என்று கேட்டார். முடியாது பெரியப்பா, அந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது, அவர்கள் தருவது ரெசிடென்சி, அதாவது அங்கே வசிக்க அனுமதிதான் என்றேன். “அதைத்தானே தமிழில் குடியுரிமைன்னு போட்டிருக்கான்?” என்றார். அதை அப்படிப் போட்டதுதான் தப்பு.

ரெசிடென்சி என்பதன் வேர் லத்தீன். ‘ரெசிடேரே’ என்றால் பின்னே சாய்ந்து உட்கார்வது, ஓரிடத்தில் அமர்ந்துவிடுவது. அதற்குள் இருக்கும் ‘செடேரே’, உட்கார் என்பது. முன்னால் உட்காருபவர் பிரசிடென்ட், கூடி உட்கார்வது செஷன், எல்லாம் ஒரே குடும்பம். இதை விளக்கத் தமிழனுக்கு லத்தீன் அகராதியே வேண்டாம். நம்முடைய ‘இரு’ அதே வேலையைச் செய்கிறது. வந்தவரிடம் “இருங்க” என்றால் உட்காருங்கள், “இப்போ எங்கே இருக்கீங்க?” என்றால் எங்கே வசிக்கிறீர்கள். இருப்பிடம் என்ற சொல் அப்படி வந்ததுதான். இன்னொன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி திருவிதாங்கூர், ஹைதராபாத் போன்ற அரசவைகளில் உட்கார்த்தி வைத்த தன் ஆளுக்கு ‘ரெசிடென்ட்’ என்றுதான் பெயர். அந்த ஊர்க் குடிமகன் இல்லை, ஆனால் அங்கேயே உட்கார்ந்திருப்பவர். அந்த ஆள் உட்கார்ந்து செய்த காரியங்களை விட்டுவிடுவோம், சொல்லின் பொருள் மட்டும் துல்லியமாக இருக்கிறது.

சரி, குடியுரிமை என்று ஏன் எழுதுகிறார்கள்? முழுக்க அறியாமை என்று சொல்ல மாட்டேன், ‘குடி’ என்ற சொல்லே இரண்டு பக்கமும் இழுக்கும். குடியிருப்பது என்றால் வசிப்பது, அது வாடகைக்கும் இருக்கலாம், குடிக்கூலி என்று வாடகைக்கே ஒரு பெயர் உண்டு. அதே குடிதான் குடிமகனிலும் குடியரசிலும் நிற்கிறது. ஆக, வாடகைக்காரரும் நாட்டின் உரிமைக்காரரும் ஒரே வேரில் முளைத்தவர்கள். ஆனால் ‘குடியுரிமை’ என்ற கூட்டுச்சொல், சட்டத்திலும் பத்திரிகையிலும், சிட்டிசன்ஷிப் என்ற ஒரே பொருளில் இறுகிவிட்டது. பாஸ்போர்ட், ஓட்டு, நாட்டை விட்டு எத்தனை வருடம் விலகி இருந்தாலும் திரும்பி வர உரிமை, இதெல்லாம் அதற்குள் அடங்கும். ரெசிடென்சியில் முதல் இரண்டும் பொதுவாகக் கிடையாது, மூன்றாவதற்கோ நாள் கணக்கு உண்டு. அப்படியிருக்க ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று பி.ஆரை, அதாவது பெர்மனென்ட் ரெசிடென்சியை, மொழிபெயர்ப்பது ஒரே சொற்றொடரில் இரண்டு தப்பு. குடியுரிமைக்கு நிரந்தரம் என்ற அடைமொழி எதற்கு, தற்காலிகக் குடியுரிமை என்று எவராவது கொடுக்கிறார்களா?

அப்போ சரியான சொல் எது? இலங்கைத் தமிழில் விடை எப்போதிருந்தோ இருக்கிறது: வதிவிட வீசா, வதிவிட அனுமதி, வதிவிட உரிமை. அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்கள் போன இடமெல்லாம் இந்தச் சொற்களைக் கொண்டுபோனார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது விளம்பரச் சொல் இல்லை, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய அட்டையின் பெயர். சிங்கப்பூர்த் தமிழில் பி.ஆர். வைத்திருப்பவர் ‘நிரந்தரவாசி’. அதுவும் நல்ல சொல்தான், ஆளைக் குறிக்கக் கச்சிதம். ‘வசிப்புரிமை’ என்று எழுதுபவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

என் ஓட்டு வதிவுக்கு. வதிதல் என்றால் தங்குதல், சங்கப் பாடல்களில் பறவையும் விலங்கும் ஓரிடத்தில் அடங்கித் தங்குவதற்கு வரும் சொல். பொழுது சாய்ந்ததும் வந்து அடைகிற இடம், அவ்வளவுதான், அந்த மரம் பறவைக்குச் சொந்தம் என்று சொல் சொல்லவில்லை. தற்காலிகமாகக் கொடுப்பதை வதிவனுமதி என்றும், நிரந்தரமாகக் கொடுப்பதை வதிவுரிமை என்றும் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஏனென்றால் முதல் சில வருடங்கள் கையில் இருப்பது அனுமதிதான், உரிமை இல்லை.

தற்காலிகம், நிரந்தரம் என்ற இந்தப் பிரிவுக்கு வள்ளுவரிடமே ஒரு ஜோடிச் சொல் இருக்கிறது. ‘புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு’ என்பது 340ஆம் குறள். துச்சில் என்றால் ஒண்டுக்குடித்தனம் மாதிரி, கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கும் இடம். புக்கில் என்றால் புகுந்தபின் வெளியேற வேண்டாத வீடு. உடம்பு உயிருக்கு ஒரு டெம்பரரி பர்மிட், பி.ஆர். இன்னும் அமையவில்லையோ என்று கேட்கிறார். விண்ணப்பப் படிவத்தில் துச்சில், புக்கில் என்று யாரும் அச்சடிக்கப் போவதில்லை, எனக்கும் அந்த ஆசை இல்லை. ஆனால் வித்தியாசம் தெரியாத மொழி இல்லை இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய ‘நிரந்தரம்’ எதுவும் புக்கில் அளவுக்கு உறுதியானதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு விதிப்படி ஐந்து வருடம் சட்டப்படி வசித்தவருக்கு நீண்டகால வதிவாளர் தகுதி உண்டு. தொடர்ந்து 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்துவிட்டால் அதை இழக்கவும் நேரிடும். பேரன் பேத்தியைப் பார்க்கப் போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் தங்கிவிடுகிற வயதில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அடுத்து, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதற்கான சொற்கள். மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில் மூன்று ஸ்பானியப் பெயர்கள் உண்டு. ‘பென்சியோனாடோ’ என்றால் ஆயுள் முழுக்க மாதம் குறைந்தது 1,000 டாலர் ஓய்வூதியம் வருபவர். ‘ரென்டிஸ்டா’ என்றால் ஓய்வூதியம் இல்லாமல், வாடகை, வட்டி என்று மாதம் 2,500 டாலர் நிலையாக வருவதைக் காட்டக்கூடியவர். ‘இன்வெர்சியோனிஸ்டா’ முதலீட்டாளர். நடுவில் உள்ளவருக்குத்தான் தமிழில் சொல் தேடினேன். உட்கார்ந்து சாப்பிடுபவர் என்றால் வசவாகிவிடும், ‘நிலைவருவாயாளர்’ என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். கவனிக்க வேண்டியது, இந்த விசாக்களில் ‘ஓய்வுபெற்றவர்’ என்பது எல்லா இடத்திலும் வயதைக் குறிக்காது. தாய்லாந்து ஓய்வு விசாவுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அப்படி முதுமை வரம்பு எதுவும் இல்லை, வேலைக்குப் போகாமலேயே வரும் வருமானம்தான் கணக்கு. நாற்பது வயதுக்காரரும் அங்கே ‘ரிட்டயரி’ ஆகலாம்.

முதலீட்டுப் பக்கம் வந்தால் ‘கோல்டன் விசா’, நாட்டில் பணம் போடுபவருக்குக் கிடைக்கும் வதிவனுமதி. போர்ச்சுகல் 2012இல் தொடங்கியபோது சட்டத்தில் தங்கம் என்ற சொல்லே இல்லை, ‘முதலீட்டுச் செயல்பாட்டுக்கான வதிவனுமதி’ என்றுதான் அதிகாரப்பூர்வப் பெயருக்குப் பொருள். பாருங்கள், அவர்களே அனுமதி என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் ‘தங்க விசா’ என்று எழுதும்போது தற்செயலாக ஓர் அழகு சேர்ந்துவிடுகிறது: தங்கத்தாலான விசாவும் அதுதான், தங்குவதற்கான விசாவும் அதுதான். ஆனால் போர்ச்சுகல் தங்க விசாவில் தங்க வேண்டியது சராசரியாக வருடத்துக்கு ஏழே நாள். டி7காரரோ தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் அட்டையிலும் ஒரே சொல்தான், ஒருவர் உண்மையிலேயே வதிகிறார், இன்னொருவரின் பணம் அவருக்காக வதிகிறது. பிரிட்டன் 2022இலும், அயர்லாந்து 2023இலும், ஸ்பெயின் 2025இலும் இந்தக் கதவைச் சாத்திவிட்டன. போர்ச்சுகலும் 2023இல் வீடு வாங்கும் வழியை அடைத்துவிட்டது. ஏஜென்ட்டின் பழைய காகிதங்களில் மட்டும் இன்னும் திறந்திருக்கும்.

பணம் போட்டால் நிஜமாகவே குடியுரிமை தரும் நாடுகளும் உண்டு, கரீபியன் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸ் 1984லேயே தொடங்கிவிட்டது. அதற்குத்தான் ‘முதலீட்டுக் குடியுரிமை’ என்ற பெயரை வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் மால்டாவும் அப்படிக் கொடுத்தது, ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வதிவும் குடியுரிமையும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொரு இடத்திலும் இந்தச் சொல் காலை வாரும். வரித்துறை சொல்லும் ரெசிடென்ட் வேறு ஆள். பல நாடுகளில் வருடத்தில் 183 நாள் இருந்தால் வரிக்கணக்கில் நீங்கள் அந்த நாட்டு வதிவாளர், விசா எந்த நிறமாக இருந்தாலும் சரி. அட்டை இருந்தும் வரி வதிவாளர் ஆகாதவரும் உண்டு. இதற்கு ‘வரி வதிவு’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி குறையும்.

அப்புறம் பெரியப்பா ஏஜென்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாமே படிவத்தை இறக்கி நிரப்ப உட்கார்ந்தார். அதில் நேஷனாலிட்டி என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே கன்ட்ரி ஆஃப் ரெசிடென்ஸ் என்று இன்னொன்று. இரண்டிலும் இந்தியா என்று எழுதிவிட்டு, “அட்டை வந்தா எதை மாத்தணும்?” என்றார். கீழே இருப்பதை மட்டும் என்றேன். பேனாவை எடுத்து, மேல் கட்டத்தின் ஓரத்தில் ‘குடி’ என்றும் கீழ்க் கட்டத்தின் ஓரத்தில் ‘வதி’ என்றும் சின்னதாக எழுதிக்கொண்டார். அது அனுப்பும் பிரதி என்பது அப்புறம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது, இன்னொன்று பிரின்ட் எடுக்க வேண்டியதாகிவிட்டது.