ஜீரோ வாட் பல்பும் ரோம் நகரமும்

பெயரில்தான் ஜீரோ, அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்பு 15 வாட் வரை இழுக்கும். அதில் மூன்றிலொரு பங்கை வைத்துக்கொண்டு, சென்னை மொட்டை மாடியிலிருந்து ரோமில் இருப்பவரைக் கூப்பிடலாம். நடுவில் செயற்கைக்கோள் கிடையாது, டவர் கிடையாது, இன்டர்நெட்டும் கிடையாது. பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் இதை கியூஆர்பி என்பார்கள். 'மின்திறனைக் குறை' என்பதற்கான பழைய தந்திக் குறியீடு அது. புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் தந்தி மொழியில் 5 வாட், பேச்சில் 10 வாட் என்பது வழக்கத்தில் உள்ள வரம்பு. (தேர்வெழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அது தனிக் கதை.)

சென்னைக்கும் ரோமுக்கும் சுமார் 7,200 கிலோமீட்டர். பூமி உருண்டை, ரேடியோ அலையோ நேராகப் போகிற ஜாதி. அதைத் திருப்பிவிடுவது அயனி மண்டலம். 200 கிலோமீட்டருக்கு மேலே, சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டிருக்கின்றன. சாய்வாக வந்து சேரும் சிற்றலையை அந்த எலெக்ட்ரான் கூட்டம் வளைத்துத் தரைக்கே திருப்பி அனுப்பும். ஒரு தாவலுக்கு 4,000 கிலோமீட்டர் வரை. ஆக ரோமுக்கு இரண்டு தாவல். நடுவே ஈரான் மலைகளில் ஒருமுறை பட்டு எழும். பகலில் தாழ்வாக இருக்கும் இன்னோர் அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விழுங்கிவிடுவதால் அதற்கு இரவு நேரம்தான் தோது. 14 மெகாஹெர்ட்ஸ் என்றால் பகலிலும் கைகொடுக்கும்.

சரி, இதற்கு 5 வாட் எப்படிப் போதும்? வந்து சேரும் அலையின் பலத்தைக் காட்டும் ரேடியோவின் எஸ் மீட்டரைப் பாருங்கள். முள் ஒரு எண் இறங்க வேண்டுமானால் திறன் நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும். 100 வாட்டை 5 வாட் ஆக்கினால், அதாவது இருபதில் பத்தொன்பது பங்கைத் தூக்கிப் போட்டால், முள் ஏழிலிருந்து ஐந்துக்குக் கொஞ்சம் கீழே வரும், அவ்வளவுதான். ஐந்தில் வருவதைக் காது தாராளமாகக் கேட்கும், இரைச்சல் அதை மூடாதவரை.

உண்மையான எதிரி அந்த இரைச்சல்தான். பேச்சுக்கு அலைவரிசையில் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் தேவை. அந்த அகலத்துக்கான இரைச்சலும் கூடவே நுழையும். மோர்ஸுக்கு 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போதும், இரைச்சல் பத்தில் ஒன்றாகிவிடும். சந்தைக் கூச்சலில் பேச்சு கரைந்துபோகும், விசில் கேட்கும். 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் இதை எல்லை வரை இழுத்தார். 2008-இல் அவர் வெளியிட்ட விஸ்பர் என்ற கணினி வழி முறையில் அழைப்புக்குறி (ஹாமின் அடையாளப் பெயர்), இடம், திறன் ஆகிய மூன்றை மட்டும் அனுப்ப ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அகலம் வெறும் 6 ஹெர்ட்ஸ். கால் வாட்டுக்கும் குறைவானது கடல் கடக்கிறது. ஆனால் கணினியும் கணினியும் பேசிக்கொள்வதில் எனக்கு ருசி இல்லை.

காசு இருந்தால் ஆம்ப்ளிஃபயரில் போடாதீர்கள், ஆன்டெனா கம்பியில் போடுங்கள். 14 மெகாஹெர்ட்ஸுக்கு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஐந்தைந்து மீட்டர் செப்புக் கம்பி, பத்து மீட்டர் உயரத்தில். தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே கிளம்பி, தூரம் போகாது. கருவிக்கும் பெரிய செலவில்லை. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ஆறு வாட் கருவிக்கு, சுருள் சுற்றும் வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றிக்கொண்டார்கள்!

அப்புறம் ஒரு தந்திரம். நாமாக 'யாராவது இருக்கிறீர்களா' என்று கூவினால் 5 வாட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். கூவுகிறவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாதை பெரும்பாலும் இருவழிப் பாதைதான். ரோம்காரர் 100 வாட்டில் நம் எஸ் மீட்டரில் ஒன்பதில் கேட்டால், அவருக்கு நாம் ஏழுக்குப் பக்கத்தில் கேட்போம். அவர் மூச்சு விடும் இடைவெளி பார்த்து, அழைப்புக்குறியை ஒரே ஒருமுறை, நிதானமாகத் தட்ட வேண்டும்.